கூரையில்லா வீட்டின் கதவு

வடமொழி நாடக நூலார் சுவைகளை எண்ணப் புகுந்தபோது சிருங்காரத்தை முதலில் வைத்தனர். தொல்காப்பியரோ மெய்ப்பாடு எட்டனையும் எண்ணுங்கால் நகையை முன்னிறுத்தினார். அந்நகை பிறக்கும் களங்கள் நான்கு என்றும் வகுத்தார். இளமையும் எள்ளலும் அவற்றுள் இரண்டு. மடனும் பேதைமையும் மற்றை இரண்டு. பண்டித வகுப்புக்குப் படிக்க வருவோர் முன்னிரண்டில் இடர்ப்படுவதில்லை. பின்னிரண்டில் இடறாதவரை நான் கண்டதும் இல்லை. மடனும் பேதைமையும் ஒன்றுதானே, தொல்காப்பியர் ஏன் இருமுறை சொன்னார் என்று கேட்பர்.

ஒன்றன்று. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதற்கு உரைமரபு வேறு பொருள் தருகிறது. பிறர் அறிவுறுத்தியதை ஏற்றுக்கொண்டு, காலமும் இடமும் மாறிய பின்னரும் ஏற்றதை விடாது பற்றிநிற்றல் அது. அறியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மடவோனுக்கோ சொல்லிக் கொடுத்ததே வினையாக முடியும். இவ்வேறுபாட்டுக்கு உதாரணம் வேண்டிப் பல நூல்களைத் துருவிய நான், ஈற்றில் அதனைச் செம்மையாகக் கண்டது அமெரிக்க நாட்டுச் சிரிப்புப் படம் ஒன்றிலே. தமிழ் படிப்பிக்கும் ஒருவன் லோரல் ஹார்டியைப் பற்றி எழுதுவதா என்று முகஞ் சுளிப்பார் உளராயின், அவர்கள் அடுத்த பக்கத்துக்குச் செல்லலாம். அங்கே நல்ல கவிதைகள் இருக்கக்கூடும்.

மெலிந்தவராகிய ஸ்ரான் லோரல் 1890 இல் இங்கிலாந்தின் அல்வர்ஸ்ரன் என்னும் ஊரிலே பிறந்தவர். சாப்ளின் இருந்த நாடகக் குழுவிலே தாமும் இருந்து, அக்குழுவுடன் அமெரிக்கா சென்றவர். தடித்தவராகிய ஒலிவர் ஹார்டி 1892 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே பிறந்தவர். 1927 முதல் ஹால் ரோச் என்பாரின் படப்பிடிப்பு நிலையத்தில் இருவரும் இணைபிரியாது நடித்தனர். அவர்களுடைய குறும்படங்களுள் 1932 சனவரியில் வெளிவந்த ‘ஹெல்ப்மேட்ஸ்’ என்பதையே நான் குறிப்பிடுகிறேன். உதவும் துணைவர் என்று அதனைத் தமிழாக்கலாம். ஜேம்ஸ் பரொட் நெறிப்படுத்திய அப்படம் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் முடிந்துவிடும்.

கதை சிறிது. படத்தின் தொடக்கத்திலே ஹார்டி யாரையோ கடிந்து பேசுகிறார். மனைவி ஊரில் இல்லாத வேளையில் வீட்டிலே களியாட்டம் நடத்தலாமா, வெட்கமில்லையா என்று நெடுநேரம் இடித்துரைக்கிறார். பிறகுதான் தெரிகிறது, அவர் கண்ணாடியைப் பார்த்துத் தம்மையே கண்டித்துக்கொண்டிருக்கிறார் என்பது. வீடு முழுதும் முந்திய இரவின் குப்பை. அவ்வேளை தந்தி ஒன்று வருகிறது. சிக்காகோ சென்றிருந்த மனைவி அன்று நண்பகல் திரும்புகிறாள். அஞ்சி நடுங்கிய ஹார்டி, நண்பர் லோரலைத் தொலைபேசியில் அழைக்கிறார். நண்பரும் வருகிறார். இதற்கு மேல் நிகழ்வன யாவும் உதவியே.

துப்புரவு செய்யும் கருவி ஒருவர் காலின்கீழ் வந்து சேர்கிறது. கழுவி அடுக்கிய கோப்பைகள் நொறுங்குகின்றன. புகைக்குழாயின் கரியும், அடுக்களை மாவும், கழுநீரும் முறைவைத்து வந்து ஹார்டியின் உடைமேல் இறங்குகின்றன. ஓருடை கெட மற்றோருடை; அதுவும் கெட மற்றொன்று. ஈற்றில் அணிவதற்கு எஞ்சியது இறகு செருகிய தொப்பியும் வாளும் கொண்ட அலங்காரச் சீருடை ஒன்றே. அந்தக் கோலத்தோடு அவர் மனைவியை எதிர்கொள்ளப் புகையிரத நிலையம் போகிறார். இதனிடையே ஒரு சிறு வாக்குவாதம். தமக்கு அறிவிருந்தால் இங்கிருந்து போய்விடுவேன் என்று லோரல் சினந்து சொல்ல, அறிவில்லாமற் போனது நல்லதாயிற்று என்கிறார் ஹார்டி. ஆமாம், நல்லதுதான் என்று லோரலும் உடன்படுகிறார். உடன்பட்ட பின்னரே தாம் எதற்கு உடன்பட்டோம் என்று அவர் முகம் தேடுகிறது. அந்த முகத்தை இலக்கண வகுப்பிலே நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஹார்டி போன பிறகு லோரல் வீட்டை மிக நன்றாகவே ஒழுங்குசெய்து முடிக்கிறார். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். வேலை முடிந்தது; வீடு பளபளக்கிறது. அவர் அந்த அளவில் நின்றிருந்தால் படமும் அங்கே முடிந்திருக்கும். குளிர்நாட்டு வீடுகளில் சுவரோடு சேர்ந்த கணப்படுப்பு உண்டன்றோ? வரும் அம்மையாரை வரவேற்க அதில் நெருப்பும் மூட்டிவைத்தால் என்ன என்று அவருடைய அன்புள்ளம் எண்ணுகிறது. விறகு பற்றவில்லை. பெற்றோலை ஊற்றுகிறார்.

ஹார்டி திரும்பி வருகிறார். மனைவி உடன் வரவில்லை. ஒரு கண் வீங்கிக் கறுத்திருக்கிறது. இடையிலிருந்த வாள் வளைந்திருக்கிறது. வீடு இருந்த இடத்திலே கரிந்த சுவர்களும் வாசற்கதவும் நிற்கின்றன. லோரல் நீர்க்குழாயும் கையுமாக நிற்கிறார். ஹார்டி அடிக்கவில்லை, ஏசவில்லை. கூரையற்ற அறையிலே எஞ்சிய நாற்காலியில் அமர்கிறார். இனித் தாம் செய்வதற்கு ஒன்றும் இல்லைப்போலும் என்று லோரல் விடைபெறுகிறார். தாம் தனித்திருக்க விரும்புவதால் போகும்போது கதவைச் சாத்திச் செல்லுமாறு ஹார்டி கேட்டுக்கொள்கிறார். லோரலும் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போகிறார். மழை பெய்கிறது.

மடன் பற்றிய கதைகள் தமிழுக்குப் புதியனவல்ல. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையிலே, விழுந்தால் எடுக்கவேண்டிய பொருள்களுக்குக் குரு ஓர் அட்டவணை எழுதிக் கொடுக்கிறார். பின்னொருநாள் குருவே விழுந்துவிடுகிறார். அட்டவணையிலே குருவின் பெயர் இல்லாமையால் சீடர்கள் அவரை எடுக்கவில்லை. மடனுக்கு இதனினும் நேர்த்தியான உதாரணம் வேண்டுவதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய சபாபதி நகை நாடகங்களில் எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் பெயர் ஒன்றே, புத்தி வேறு. 1941 இல் அது படமானபோது ரி. ஆர். இராமச்சந்திரன் எசமானாகவும் காளி என். இரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தனர். தமிழாசிரியராக வந்து நம் இனத்தவரை நையாண்டி செய்தவர் கே. சாரங்கபாணி, அவரைக் கண்டு மிகுதியாகச் சிரித்தவர்கள் தமிழாசிரியர்களே என்று கேள்வி. சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டவர் நம் கலையரசு சொர்ணலிங்கம். புலோலி தந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் வெளியிட்ட ‘நானாடகம்’ நம் பேச்சுத் தமிழையே மேடையேற்றி நம்மைச் சிரிக்கவைத்தது. ஆகவே நமக்கு நகை நாடகத்தில் வறுமை இல்லை.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. சீடனுடைய மடனும் வேலைக்காரனுடைய மடனும் மேலிருந்து பார்க்கப்படுவன. குருவும் எசமானும் கோபிக்கலாம், உதைக்கலாம், வேலையிலிருந்து நீக்கலாம். பார்ப்போராகிய நாமும் எசமானின் திண்ணையில் இருந்தே சிரிக்கிறோம். மடனுக்குப் பிறந்த சிரிப்பு எள்ளலிற் போய் முடிகிறது. லோரலும் ஹார்டியும் ஆண்டானும் அடிமையும் அல்லர். ஹார்டி தம்மை அறிவாளி என்று எண்ணுகிறார். கண்ணாடியைப் பார்த்து உபதேசிப்பவர் வேறு யாராக இருக்க முடியும்? ஆயினும் அவரால் லோரலை வேலையிலிருந்து நீக்க இயலாது. நண்பனை நீக்குவதற்கு ஏது வழி? வள்ளுவர் நட்புக்கு உவமை சொல்லும்போது, நழுவும் ஆடையைப் பிடிக்க விரையும் கையைச் சொன்னார். இங்கே கை விரைகிறது, ஐயமில்லை. விரைந்த வேகத்தில் எஞ்சிய ஆடையையும் உருவிக்கொண்டு போகிறது.

இப்படத்தை நான் முதலிற் பார்த்தது எண்பதுகளில், சிறுவனாய் இருந்தபோது. அக்காலத்தில் வீடியோ டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஜெனறேற்றரையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திலே விடிய விடியப் படம் பார்ப்பது யாழ்ப்பாணத்து ஊர்களின் வழக்கம். மூன்று தமிழ்ப் படங்களுக்கு இடையில் பிள்ளைகளுக்காக இது ஓடியது. ஆங்கிலம் அறியாத பெரியம்மாமாரும் சிரித்தனர். வீடு எரிந்தபோது நாங்கள் கைதட்டினோம். மழை பெய்த காட்சி என் நினைவில் தங்கவேயில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் பெயர்ந்தது. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே தெருவில், கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவு அது. நான் அப்போது ஆசிரியத் தொழிலுக்குப் புதியவன். நோயாளியான தாயாரைத் துவிச்சக்கரவண்டியில் இருத்தி உருட்டிக்கொண்டு முன்னே சென்றேன். என் மேசையின் கீழே இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. இடப்பக்கப் பெட்டியை எடுத்துவருமாறு நண்பன் ஒருவனிடம் சொல்லியிருந்தேன். அதில் என் ஆசிரியர் எனக்கு விட்டுச்சென்ற நூல்கள் இருந்தன. சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் 1943 இல் அச்சாகிய, கணேசையர் குறிப்புகளோடு கூடிய பேராசிரியமும் அவற்றுள் ஒன்று. நண்பன் அந்தச் சனவெள்ளத்தினூடே பெட்டியைத் தோளிற் சுமந்து இரண்டு நாள் நடந்து கொடிகாமம் வந்து சேர்ந்தான். தோள் தோலுரிந்திருந்தது. திறந்து பார்த்தேன். எட்டாம் வகுப்பு மாணவரின் முப்பத்திரண்டு கட்டுரைக் கொப்பிகள்!

“இடப்பக்கம் எண்டுதானே சொன்னனீ? இடப்பக்கத்தைத்தான் எடுத்தனான்” என்றான். உண்மை. மேசையில் இருந்து எழுதுபவனுக்கு ஓர் இடப்பக்கம். மேசையை எதிரே நின்று பார்ப்பவனுக்கு வேறோர் இடப்பக்கம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. அவ்வாரம் எழுதுவித்த கட்டுரை ‘நான் ஒரு குடை’ என்பது. ஒழுகும் பாடசாலைக் கட்டடத்தின் மூலையில் இருந்து, குடை தன் வரலாறு கூறுவதை முப்பத்திரண்டு முறை படித்தேன். பேராசிரியத்தை இழந்தவன் செய்யத்தக்க வேலைதான். நான்காவது கொப்பியிலே சிரிப்பு வந்துவிட்டது. நண்பனும் சிரித்தான். ஏன் சிரிக்கிறோம் என்று பக்கத்துக் குடும்பத்தார் கேட்டனர்; அவர்களுக்கு எப்படி விளக்குவது?

மறுவருடம் ஊர் திரும்பினோம். நூற்பெட்டி இல்லை. வீட்டிலே ஓடு இல்லை, வளையும் தீராந்தியும் சிலாகையும் இல்லை. எப்படியோ முன்கதவு மட்டும் நிலையோடு நின்றது. அன்றிரவு தறப்பாள் ஒன்றைச் சுவர்களுக்கு மேலே இழுத்துக் கட்டிவிட்டுப் படுக்கப் போனபோது, என் தந்தையார் எழுந்து சென்று அக்கதவைச் சாத்தித் தாழிட்டார். யன்னல்கள் இருந்த இடங்களில் எல்லாம் ஆள் நுழையத்தக்க துவாரங்கள்! அம்மா அதனைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாது மறுபுறம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகையோ சிரிப்போ என்று அந்த இருளில் எனக்குத் தெரியவில்லை. ஹார்டியின் கதவு அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது, மழையும் வந்தது.

கொப்பிகளை உரியவர்கள் ஒவ்வொருவராக வந்து பெற்றுச் சென்றனர். அடுத்த சில ஆண்டுகளில் இருபத்தெட்டுப் பேர் வந்தனர். நான்கு கொப்பிகள் இன்னும் என்னிடமே உள்ளன.

இப்படத்தை அண்மையில் மாணவர்க்குக் காட்ட நான் எண்ணியபோது, மூத்த ஆசிரியர் ஒருவர் தடுத்தார். வீடு இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வீடு எரிவதைக் காட்டியா சிரிப்பூட்டுவது என்பது அவர் கேள்வி. கேள்வியில் நியாயம் உண்டு. பிறர் வீடு எரிகையில் சிரிப்பவன் மனிதன் அல்லன். எனினும் எரித்தவன் யார் என்பதையும் பார்க்கவேண்டும். பகைவன் எரித்தால் அது அழுகைக்கு உரியது, வெகுளிக்கும் உரியது. நகைக்கு அங்கே இடமில்லை. நம் வீடுகளின் கதை அது. இப்படத்தில் எரித்தவன் நண்பன். எரித்த காரணம் அன்பு. இரண்டையும் ஒன்றாக்கிப் பிள்ளைகளிடமிருந்து சிரிப்பையும் பறித்துக்கொள்வது எதற்கு?

இதனினும் கடுமையான சோதனை ஒன்று உண்டு. 1938 இல் வெளிவந்த ‘பிளாக்ஹெட்ஸ்’ என்னும் சற்று நீண்ட படத்திலே லோரல் ஒரு போர்வீரர். 1917 இல் பதுங்கு குழியைக் காக்குமாறு அவருக்குக் கட்டளை இடப்படுகிறது. போர் முடிந்த செய்தியை அவருக்குச் சொல்வார் இல்லை. இருபது ஆண்டுகள் அவர் அக்குழியையே காக்கிறார்; உண்டு முடித்த தகரப்பேணிகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. மடனுக்கு நான் தேடிய உதாரணம் இதுவே. இது வெறுங் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. ஹிரூ ஒனோடா என்னும் யப்பானிய வீரர், 1945 இல் போர் முடிந்ததை நம்பாது, பிலிப்பைன்ஸ் தீவொன்றின் காட்டில் 1974 வரை இருந்தார். பழைய மேலதிகாரி நேரில் வந்து கட்டளையை நீக்கிய பின்னரே ஆயுதத்தை ஒப்படைத்தார். அவருடைய கதையில் உயிர்ச்சேதமும் உண்டு. ஆதலால் அது நகைக்கு உரியதன்று. ஒரே மடன், களம் மாறினால் மெய்ப்பாடும் மாறிவிடுகிறது.

படத்தில் மேலே நடப்பது இது. பழைய தோழனைக் காண ஹார்டி வருகிறார். லோரல் ஒரு காலை மடித்து அதன்மேல் இருந்தபடி சக்கர நாற்காலியிலே அமர்ந்திருக்கிறார். நண்பன் காலை இழந்துவிட்டான் என்று எண்ணிய ஹார்டியின் மனம் உருகுகிறது. தாமே நாற்காலியைத் தள்ளுகிறார். பிறகு கையிலே தூக்கியும் செல்கிறார். இரண்டு கால்கள் இருப்பது தெரிந்ததும், முன்னரே ஏன் சொல்லவில்லை என்று சீறுகிறார். நீ கேட்கவில்லையே என்பது லோரலின் விடை. ஜெய்ப்பூர்க் கால் பூட்டியவரைக் காணாத தெரு இல்லாத நம் நாட்டிலே இதைப் பார்த்துச் சிரிக்கலாமா? நான் அதனைப் பார்த்தபோது அருகில் இருந்தவர் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரோ கண்ணீர் வரச் சிரித்தார். “என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவங்களும் இப்படித்தான் தூக்கினவங்கள், மாஸ்டர். இரண்டுதரம் விழுத்திப்போட்டுத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தவங்கள்” என்றார்.

திருக்குறளிலே ‘பழைமை’ என்று ஓர் அதிகாரம் உண்டு. நட்பு, நட்பாராய்தல் என்பவற்றை அடுத்து வருவது. அவற்றின் அளவு படிக்கப்படுவதில்லை. பழைய நண்பர் நாம் நோகத்தக்க ஒன்றைச் செய்தால், அதற்கு அவருடைய அறியாமையைக் காரணமாகக் கொள்க, அன்றேல் மிக்க உரிமையைக் காரணமாகக் கொள்க என்பது அங்கே ஒரு குறளின் கருத்து. மூன்றாவது காரணம் ஒன்றை வள்ளுவர் அனுமதிக்கவில்லை. தொல்காப்பியர் நகைக்குக் களமாகச் சொன்ன அதே பேதைமையை, வள்ளுவர் நட்பிலே பொறுத்தலுக்குக் காரணமாகச் சொல்கிறார். கூரையற்ற அறையில் இருந்து ஹார்டி கதவைச் சாத்தச் சொன்னபோது அவர் எந்தக் காரணத்தைக் கொண்டார்? பேதைமை என்று கொண்டிருந்தால் இனி இந்தப் பக்கம் வராதே என்றிருப்பார். சாத்திவிட்டுப் போ என்று சொல்வது, வீட்டில் உரிமையோடு புழங்கும் ஒருவனிடம் தினமும் சொல்வது.

1957 ஓகஸ்டில் ஹார்டி காலமானார். அப்போது நோயுற்றிருந்த லோரலால் இறுதிச் சடங்குக்குச் செல்ல இயலவில்லை. அதன்பின் 1965 இல் இறக்கும்வரை அவர் நடிக்கவில்லை. ஆயினும் தம் இருவருக்குமான நகைக் காட்சிகளைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுகின்றனர்.

கடந்த தவணையில் படத்தை மாணவர்க்குக் காட்டியேவிட்டேன். 2009 இன் பின்னர் பிறந்த பிள்ளைகள். புகைக்குழாய்க்குச் சிரித்தார்கள், பெற்றோலுக்குக் கூச்சலிட்டார்கள், கதவுக்கு அரைவாசிப் பேர் சிரிக்க, அரைவாசிப் பேர் பேசாதிருந்தனர். முடிந்ததும் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். “சேர், அவர் உள்ளுக்கை இருந்து நனையிறார். மற்றவர் அந்த மழைக்குள்ளை எங்கை போறார்?” என்று கேட்டாள்.

லோரல் எங்கே போனார் என்பதைப் படம் காட்டவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ‘மியூசிக் பொக்ஸ்’ படத்தை அடுத்த வாரம் போட்டுக் காட்டினேன். அதில் இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட படிகளில் ஒரு பியானோவை மூச்சுவாங்க ஏற்றுகிறார்கள். ஏற்றி முடித்த பின், மேலே வருவதற்கு வண்டிப்பாதை ஒன்று உண்டே என்று தபாற்காரர் சொல்ல, அப்பாதை வழியே மீண்டும் கொண்டுவருவதற்காகப் பியானோவைக் கீழே இறக்குகிறார்கள்.